விசில் ஊதினால் மறைவுக்கு

மே 6, புதன்

மழை. மேற்குக் காற்று. சைக்கிளில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்சட்டை முழங்கால்வரை ஈரம். அப்படியே நின்று பின்னேரம்வரை மெத்தை உறை அடுக்கினேன்.

செய்ய வேண்டியவை: வெங்காயம். மகள் ஆரபியின் பல் டொக்டருக்கு போன். சைக்கிள் முன் டயர். நாணயப் பயிற்சி.

நாணயப் பயிற்சி என்பது பிரெபன் தந்த வீட்டுப்பாடம். பிரெபன் என்னோடு ஒரே மெசினில் நிற்பவன். சனிக்கிழமைகளில் ஊர்ச் சூட்டுக் கழகத்தில் பழக்குபவன். பிஸ்டல் குழலின் மேல் ஒரு டேனிஷ் குரோனர் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்க வேண்டுமாம். பிஸ்டல் கழகத்து அலுமாரியில், பூட்டுக்குள். வீட்டில் அதற்குப் பதில் மனைவி வதனாவின் தலைமயிர் காயவைக்கிற மெசின். (வயரைக் கழற்றிவிட்டுத்தான். அவ்வளவு மடையன் இல்லை.) நாணயத்தை வைத்தேன். மூச்சை விட்டேன். சுவிட்சை அழுத்தினேன். நாணயம் கக்கூசுக்குள்.

வதனா கதவடியில்: "இஞ்சேருங்கோ, தலையிலை மயிர் இருக்கிற ஆக்களுக்கெல்லோ அது."

மே 7, வியாழன்

மழை விட்டது. காற்று விடவில்லை.

இதற்குள் எப்படி விழுந்தேன் என்று யோசித்தபடி பஞ்சர் ஒட்டினேன். குளிர்காலத்தில் ஒருநாள் கோப்பி குடிக்கும்போது பிரெபன் கேட்டான்: "நீ போரிலிருந்து வந்தவன். உனக்குத் துவக்கு பழக்கம்தானே? கழகத்துக்கு வாவன்." நான் சிரித்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை, சிரித்தேன். அவன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டான். பிறகு ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, ஆட்டிறைச்சிக் கறியில் முகம் சிவந்து, ஆரபியிடம் சொன்னான், "உன் அப்பா பழைய சிப்பாய், தெரியுமா?"

ஆரபிக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லும் பிள்ளை. அன்றைக்குத் தமிழில் கேட்டாள்: "உண்மையாவோ அப்பா?"

"அது பழைய கதை, விடு பிள்ளை" என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த "விடு பிள்ளை"யைச் சொன்ன விதம்தான். தழும்பை மறைக்கிறவன் மாதிரிச் சொன்னேன்.

உண்மை: சித்தப்பாவின் சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டியவன். துவக்கைக் கிட்ட நின்று பார்த்தது இராணுவச் சென்றியில், அதுவும் அதன் வாய்ப்பக்கத்திலிருந்து.

மே 9, சனி

வெயில். கழகம். குளிர்காலம் முழுக்க உள்ளே நின்று கடதாசி வட்டத்துக்குச் சுட்டோம். இப்போது வெளியே, "தற்காப்புச் சூடு". ஆள் எதிரே வந்தால் என்ன செய்வது என்ற மாதிரி. இந்த இக்காஸ்ட் ஊரில் எதிரே யார் வரப்போகிறான் என்று கேட்டேன். "ஒருத்தனும் வரமாட்டான். இது விளையாட்டு" என்றான் பிரெபன்.

இன்றைய பயிற்சி: பிரெபன் ரவைக்கூட்டுக்குள் நல்ல ரவைகளோடு செத்த ரவைகளையும் கலந்து போட்டுத் தருவான். எது எப்போது வரும் என்று சுடுபவனுக்குத் தெரியாது. செத்தது வந்தால் வெடிக்காது. அப்போது கை ஆடினால், வெடிக்குப் பயந்து முன்கூட்டியே ஆடுகிறது என்று அர்த்தம்.

என் கை ஆடவில்லை. குனிந்து கும்பிட்டது. கண்ணையும் மூடியிருக்கிறேன். பிரெபன் பக்கத்தில் நின்று பார்த்தான். "நோ..." என்று இழுத்தான். ஆங்கில "நோ" இல்லை, "அப்படியா" என்கிற மாதிரி. டேனிஷ்காரர் அந்த ஒரு சொல்லில் எல்லாம் சொல்லிவிடுவார்கள். பிறகு என் தோளில் தட்டி, மிக மெதுவாக, "பழைய நினைவுகளா?" என்றான்.

நான் தலையைக் குனிந்தேன். இந்தக் குனிவுக்குத் தனிப் பொரிச்சட்டி இருக்கும் நரகத்தில். எரிப்பது நானே.

மே 11, திங்கள்

ஆரபி சாப்பாட்டு மேசையில், டேனிஷில்: அடுத்த செவ்வாய் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று பேச வேண்டும். அவள் தலைப்பு, "என் அப்பாவும் போரும்". சனிக்கிழமை கழகத்துக்கு வந்து என்னை வீடியோ எடுக்கப் போகிறாளாம். வகுப்பில் போட்டுக் காட்ட.

"அப்பாவிட்டை என்ன இருக்கெண்டு எடுக்கப் போறாய்?" என்றேன்.

"எல்லாரும் நியூஸிலை எங்கடை ஆக்கள் அழுறதைத்தான் பாத்திருக்கினம். ஒராளாவது நிமிந்து நிக்கிறதைக் காட்டவேணும்." இதைத் தமிழில் சொன்னாள்.

இதைக் கேட்ட பிறகு சோறு இறங்கக்கூடாது. இருந்தாலும் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். அப்படி ஒரு வயிறு.

மே 12, செவ்வாய்

அக்கா வன்னியில், சண்டைக்குள். மாசிக்குப் பிறகு அவவிடமிருந்து சத்தமில்லை. வதனா வேலையால் வந்ததும் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியின் முன்னால். குளிசை விழுங்குகிற மாதிரி, மணிக்கு ஒருமுறை கொழும்புக்கு எடுக்கிறாள். கொழும்பிலும் ஒருவருக்கும் தெரியாது.

நான் குளியலறையில் நாணயத்தோடு. சனிக்கிழமைக்குள் கை ஆடாமல் பழக வேண்டும். அக்கா எந்தப் பதுங்கு கிடங்குக்குள் கிடக்கிறாவோ, தம்பி நான் இங்கே கண்ணாடிக்கு முன்னால் மயிர்மெசினைப் பிடித்துக்கொண்டு வீரன் வேசம் கட்டுகிறேன்.

நாணயம் இன்று ஒருமுறை விழவில்லை. சந்தோசம் வந்தது. அதற்கும் வெட்கம்.

மே 13, புதன்

தமிழ்க்கடை. கடைக்கார ரவி தம்பி வழக்கமாகக் காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்தபடியே தலையாட்டுவான். இன்று எழுந்து நின்றான்.

"அண்ணை, நீங்கள் அங்கை சண்டையிலை நிண்டனீங்களாம். ஒருநாளும் சொல்லேல்லையே!"

"ஆர் சொன்னது?"

"உங்கடை மகள் என்ரை மகளுக்குச் சொன்னவ. பெரிய ஆக்கள் இப்பிடித்தான், வாய் திறக்காயினம்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள். பருப்புக்குப் போகத்தான் வழி. கறிவேப்பிலைக்குக் காசு வாங்கமாட்டேன் என்றான் ரவி. வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை.

வதனாவுக்கு எல்லாம் தெரியும். கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டு, "இதைத் தாளிச்சா வெடிக்குமோ?" என்றாள். பிறகு சிரிக்காமல், "பிள்ளை வகுப்பிலை நிண்டு பொய் சொல்லப் போறாள். அவளுக்கு அது பொய்யெண்டும் தெரியாது. சனிக்கு முதல் சொல்லுங்கோ."

மே 15, வெள்ளி

ஆரபியைக் காரில் பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சொல்ல நல்ல இடம், அவளும் எழும்பிப் போகமுடியாது.

"பிள்ளை, அந்தப் பழைய கதை..."

"சொல்லுங்கோ!" உடனே போனை எடுத்து ஒலிப்பதிவைப் போட்டாள்.

"...பெல்ட்டைப் போடு" என்றேன்.

திரும்பி வரும்போது அவளுக்கு வாய் மரத்துப்போய்க் கதைக்க முடியவில்லை. எனக்கு ஊசி போடாமலே.

மே 16, சனி

நல்ல வெயில். வழியெல்லாம் கடுகு வயல் மஞ்சள். ஆரபி முன்சீட்டில், போன் முழுச் சார்ச்சில்.

கழகத்தில் பலகைகளை நட்டு வைத்திருந்தார்கள், கதவும் சுவரும் மாதிரி. பிரெபன் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினான்: வெறுங்கையோடு கோட்டில் நிற்க வேண்டும். விசில் ஊதினால் மறைவுக்கு. பலகைக்குப் பின்னால் சின்ன மேசையில் பிஸ்டல். இரண்டு சூடு, ரவைக்கூட்டை மாற்று, இன்னும் இரண்டு. எனக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழகப் பெட்டை பூனை மாதிரிப் போய்ச் சுட்டுவிட்டு வந்தாள்.

என் முறை. ஆரபி வேலிக்கு அந்தப் பக்கம் போனை உயர்த்திப் பிடித்தாள். பெருவிரலைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

விசில். அதே நேரத்தில் பக்கத்துத் தடத்தில் ஒரு வேட்டைக்காரர் தன் பெரிய துவக்கை வெடிக்கவைத்தார்.

எப்போது விழுந்தேன் என்று தெரியாது. முகத்துக்கு நேரே சரளைக் கல். முழங்கை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், இரண்டு கையும் காதுமூடிக்கு மேலே, வாய் ஆவென்று திறந்தபடி. பொம்மர் விமானம் வந்தால் அப்படித்தான். நெஞ்சைத் தூக்கினால் அதிர்வு ஏறாது, வாயைத் திறந்தால் காது வெடிக்காது. டென்மார்க்குக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. இந்த உடம்புக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

பிஸ்டலைத் தொடவே இல்லை. அது ஒன்றுதான் நல்ல விசயம்.

"இது புது முறை!" என்றான் ஒருவன். சிரிப்பு. பிரெபனும் சிரித்தான். நானும் எழும்பி, முழங்கால் மண்ணைத் தட்டி, "காசு ஒன்று விழுந்துவிட்டது, தேடினேன்" என்றேன். இன்னும் சிரிப்பு. எல்லோரையும்விட நான்தான் பெரிதாகச் சிரித்தேன்.

ஆரபி சிரிக்கவில்லை. போன் இன்னும் உயர்ந்தபடியே இருந்தது.

திரும்பும்போது காரில், சிவப்பு விளக்கில் நின்றபோது, ஆரபி முன்னால் பார்த்தபடி, டேனிஷில்: "சிப்பாய்கள் அப்படிப் படுப்பதில்லை."

"இல்லை."

"அப்பா சுட்டதே இல்லை."

"இல்லை. சைக்கிள் கடையிலை நிண்டனான்."

"நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்." இது தமிழில்.

விளக்கு பச்சையாகிப் பின்னால் ஒருவன் ஹோன் அடித்தான். அவனுக்கு நன்றி.

மே 17, ஞாயிறு

மேகம். ஆரபி அறைக்குள். சாப்பாட்டை வதனா உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். சூட்டுக் கழகத் தொப்பியை நான் காரின் பின்பெட்டிக்குள் எறிந்தேன். ரவி தம்பியிடம் போய்க் கறிவேப்பிலைக்குக் காசு கொடுக்கலாம் என்று சப்பாத்தைப் போட்டேன். கழற்றினேன். என்னவென்று சொல்லிக் கொடுப்பது?

தேத்தண்ணி நேரம் ஆரபி வந்து எதிரே இருந்தாள்.

"உங்களுக்கு அந்தப் படுக்கிறதை ஆர் பழக்கினது?"

"பள்ளிக்கூடத்திலை, அஞ்சாம் வகுப்பிலை. எல்லாப் பிள்ளையளுக்கும்."

"அடிக்கடி படுத்தனீங்களோ?"

"ஆர் எண்ணினது? பல்லு மினுக்கிற மாதிரி."

"மாமியும்?" என் அக்காவைத்தான் கேட்டாள்.

"உன்ரை மாமியோ! சட்டை ஊத்தையாப் போயிடுமெண்டு குந்திக்கொண்டிருப்பா. அம்மா பிடரியிலை பிடிச்சு அமத்துவா. பொம்மர் போனாப் பிறகு ரெண்டு பேருக்கும் சண்டை."

சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு வதனாவும் தொலைக்காட்சியை விட்டுத் திரும்பினாள். பிறகு ஆரபி கேட்டாள், "இப்ப?"

"இப்ப படுப்பா" என்றேன்.

வகுப்பில் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கத் துணிவு வரவில்லை. "அப்பா பொய்க்காரன்" என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.

மே 18, திங்கள்

முடிந்ததாம். எல்லாச் செய்தியிலும்.

வேலைத்தலத்தில் பிரெபன் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தான். "போர் முடிந்ததாமே. நல்லதுதானே?" அவன் கெட்ட மனதோடு கேட்கவில்லை. "நான் ஒருநாளும் சிப்பாயாக இருக்கவில்லை, பிரெபன்" என்றேன். கேள்விக்குப் பொருத்தமில்லாத பதில். கோப்பியை என் பக்கம் தள்ளினான். "சனிக்கிழமை நான் சிரித்திருக்கக்கூடாது" என்றான். மெசின் பக்கம் திரும்பினோம்.

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஆரபி நூடில்ஸ் அவித்தாள். அக்காவிடமிருந்து ஒன்றுமில்லை.

மே 19, செவ்வாய்

தூறல். காலையில் ஆரபி பையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பெரிய உறைகளைச் சின்ன உறைகளோடு அடுக்க, பிரெபன் வந்து எல்லாவற்றையும் பிரித்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் குசினியில் பாண் வெட்டிக்கொண்டு நின்றாள். வதனா தொலைபேசியோடு வாசலடியில்.

"சொன்னன்" என்றாள், நான் கேட்கமுதல்.

"என்னெண்டு?"

"நான் முதல் சொன்னது பிழை, அப்பா ஒருக்காலும் சுடேல்லை, படுத்தவர் எண்டு. வீடியோவையும் போட்டன்."

"சிரிச்சவையோ?"

"முதல் சிரிச்சவை. அப்ப நான் மேசையளுக்கு நடுவிலை போய், அதேமாதிரிப் படுத்துக் காட்டினன். நீங்கள் அஞ்சாம் வகுப்பிலையே இதைப் பழகினனீங்கள் எண்டு சொன்னன். பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை."

நான் சப்பாத்துக் கயிற்றைக் கழற்றக் குனிந்தேன். குனிந்தபடியே கேட்டேன், "வாயைத் திறந்தனியோ?"

"ஐயோ. மறந்திட்டன்."

"அதுதான் பிள்ளை முக்கியம். காது போயிடும்."

கத்தியை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து காட்டினாள். சரியோ என்று புருவத்தால் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.