ஆறு பேருக்கும் ஒரே கடிதம்

மார்ச் 9, ஞாயிறு

போதும். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் எனக்கே மேலாளராக வந்தபோது பேசவில்லை. பாகப்பிரிவினையில் தம்பி கிணற்றுப் பக்கத்து நிலத்தை எடுத்துக்கொண்டபோதும் பேசவில்லை. இதற்கும் பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை.

காலையில் ஃபோனில் விளையாட்டைத் திறந்தேன். கொற்றலைப் படை. தலைவர்: ஷைனி. என் பெயரைத் தேடிக்கொண்டே கீழே போனேன். துணைத்தலைவர்களிலும் இல்லை. கடைசியில் இருந்தது. உறுப்பினர்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் இந்த கில்டை, அதாவது இந்த விளையாட்டுக் குழுவை, தொடங்கியவன் நான். நம் ஆற்றின் பெயரை வைத்தவன் நான். கோட்டை கட்டி, அடுத்த கில்டோடு போரிடும் விளையாட்டு இது. எங்களவர்கள் நாற்பது பேரும் ஷிப்டு பார்ப்பவர்கள். காக்களூர், கும்மிடிப்பூண்டி ஆலைகள், காட்டுப்பள்ளித் துறைமுகம். ஆலைக்குள் போகும்போது ஃபோனைக் கேட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் உள்ளே போகிறவன் வெளியே வருகிறவனிடம் காவலை ஒப்படைக்க வேண்டும், என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி. எழுதியதை யாரும் மாற்றவோ குறைக்கவோ கூடாது. இந்த முறையைக் கொண்டுவந்ததும் நான்தான். எங்கள் கோட்டைக்கு எந்நேரமும் காவல் உண்டு என்று மாவட்டம் முழுக்கப் பேசினார்கள்.

போன வாரம் ஆலையில் வருடாந்திர ஷட்டவுன், பராமரிப்புக்காக எல்லாவற்றையும் நிறுத்தும் வாரம். நாள் முழுக்க லேபில் கிடந்தேன். எங்கள் வழக்கப்படி மகுடத்தை, அதாவது தலைவர் பதவியை, துணைத்தலைவர் ராபினுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். ஷட்டவுன் முடிந்து வந்ததும் திருப்பித் தர வேண்டும். அவன் அதை ஷைனிக்குக் கொடுத்திருக்கிறான். பிப்ரவரியில் நான் மெமோ கொடுத்துப் பதவி இறக்கினேனே, கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் அந்தப் பெண் ஷைனிக்கு.

விளையாட்டை மூடி மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். மனைவி ஜோதி எட்டிப் பார்த்து, "இன்னாங்க, யாருனா செத்துட்டாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப வந்து சாப்புடுங்க, தோசை ஆறுது."

மார்ச் 10, திங்கள்

ராபினைக் கூப்பிட்டேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். அவன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. எல்லாரும் சேந்து சொன்னாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாருந்தான்."

"கில்டு சாட் ரூம்ல ஒருத்தனும் ஒரு வார்த்தை பேசலியே. எங்கே சொன்னாங்க?"

கேட்டுக்கு உள்ளேயிருந்து கிரேன் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான். இன்னொரு குரூப் இருக்கிறதாம். 'டீ பிரேக்' என்று பெயர். எட்டு மாதமாக இருக்கிறதாம். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் அதில்.

எட்டு மாதம். நான் தினமும் காலை வணக்கம் சொல்லி உத்தரவு எழுதிப் போட்ட எட்டு மாதமும்.

இரவு உணவுக்கு முன் விளையாட்டுக்காரர்களின் பொதுப் பக்கத்தில் எழுதிப் போட்டேன். ஷைனி என்பவர் சூழ்ச்சி செய்து தலைமையைத் திருடினார், ஒழுங்கு நடவடிக்கைக்குப் பழிவாங்கினார் என்று. கீழே என் முழுப்பெயர், படிப்பு, பதவி எல்லாம்.

மார்ச் 11, செவ்வாய்

என் பதிவின் கீழே இவ்வளவு பேரா! முன்பின் தெரியாதவர்கள் எனக்காக எழுதுகிறார்கள். சிலர் எழுதியிருப்பது நன்றாக இல்லை. "கம்பெனி ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் இப்படித்தான்" என்று ஒருவன். அவள் படத்தைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறான் இன்னொருவன்.

நானா எழுதச் சொன்னேன்?

மார்ச் 12, புதன்

புது கில்டு தொடங்கப்போகிறேன். பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். யாரை நம்பலாம்? ஆறு பேர் தேறினார்கள். ரூமில் வம்பு பேசாதவர்கள், கேலி செய்யாதவர்கள். உத்தரவு போட்டால் ஒரு கட்டைவிரல் மட்டும் காட்டிவிட்டுச் செய்து முடிப்பவர்கள். அதில் முனுசாமி முக்கியமானவர். காக்களூரிலேயே ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் எதையும் கட்ட முடியும்.

ஆறு பேருக்கும் ஒரே கடிதம், பெயரை மட்டும் மாற்றி. "தகுதியும் ஒழுக்கமும் இல்லாத, நன்றி கெட்ட ஒரு பெண்ணின் கீழ் தங்களைப் போன்றோர் பணியாற்றுவது எனக்குத் தாளவில்லை" என்று தொடங்கினேன். இரண்டு பக்கம் வந்தது. நன்றாக வந்திருக்கிறது. வெளியே தெரியக்கூடாது என்று கடைசியில் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஆறு பேரிடமிருந்தும் பதில் இல்லை. யோசிக்கிறார்கள் போலும்.

மார்ச் 14, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்து கேட்டில் ஃபோனை வாங்கியதும் முனுசாமி கூப்பிட்டார். "சார், கோச்சிக்காதீங்க. லெட்டரு வந்துச்சி. ஷைனிம்மா படிச்சி காட்டுச்சி."

"யாரு?"

"ஷைனிம்மா சார். வாய்ஸ்ல. நீங்க எழுதறது எல்லாத்தியும் அதான் படிச்சி அனுப்பும்."

"ஏன், நீங்க படிக்கலையா?"

"எனக்கு தமிழு படிக்க வராது சார். தெலுங்கு மீடியம். எங்க ஊரு ஆந்திரா பார்டராண்ட. நைனா அங்கதான் சேத்து உட்டாரு. பேசத்தான் வரும். நாங்க ஆறு பேருமே அப்படித்தான் சார், ஒரே ஊரு பக்கம்."

கேட்டில் நாற்காலி இருந்ததால் உட்கார்ந்தேன்.

"முனுசாமி, அந்த லெட்டரே அந்தப் பொண்ணைப் பத்திதான்."

"ஆமா சார். கேட்டோம். கொஞ்சம் ஓவருதான்."

"அவ... அதையும் படிச்சாளா?"

"ஒரு எழுத்து உடல சார். நடுவுல ஒரு வாட்டி நிறுத்திச்சி. தண்ணி குடிச்சிச்சி போல. அப்பறம் மறுபடி படிச்சிச்சி."

ஆறு பேரும் தனித்தனியே அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் எதை அனுப்பினாலும் முதல் வேலை அதுதானாம். ஒருவருக்கு வந்தது மற்றவருக்கும் வந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றிலும் பெயர் வேறு என்பதால் அவள் ஆறு முறை படித்திருக்கிறாள்.

நான் யாரை ஒழுங்கானவர்கள் என்று பொறுக்கி எடுத்தேனோ, அவர்கள் ரூமில் பேசாமல் இருந்தது எழுத வராததால்.

மார்ச் 15, சனி

சாப்பிடவில்லை. ஜோதி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

ராபினை மறுபடியும் கூப்பிட்டேன். கத்துவதற்குத்தான் கூப்பிட்டேன்.

'டீ பிரேக்' எதற்காகத் தொடங்கியது என்று கேட்டேன். என்னைக் கேலி பண்ணவா?

"மொதல்ல அதுக்கில்ல அண்ணே. நீ வாய்ஸ் அனுப்பக் கூடாதுன்னு ரூல் போட்ட. அந்த ஆறு பேருக்கு இன்னா ஏதுன்னே புரியல. ஷைனி தனியா ஒரு குரூப் போட்டு நீ எழுதறதை படிச்சி போட ஆரம்பிச்சுது. அப்பறம் ஒவ்வொருத்தனா உள்ள வந்துட்டான்."

"என்னைக் கேலியும் பண்ணீங்க."

"பண்ணோம். பொய் சொல்ல மாட்டேன்."

"பிப்ரவரி?"

அதையும் சொன்னான். அந்தப் போரில் கடைசி நேரத்தில் நான் திட்டத்தை மாற்றினேன். கிழக்கு வாசலில் நிற்பவர்கள் வடக்கு வாசலுக்குப் போக வேண்டும் என்று எழுதினேன். "ஷைனி அப்ப கம்பெனி அசெம்ப்ளி லைன்ல நின்னுக்கினு இருந்துச்சி அண்ணே, ஃபோனு கேட்ல. படிச்சி சொல்ல ஆளு இல்ல. ஆறு பேரும் கெழக்காலயே நின்னுக்கினு இருந்தாங்க." வடக்கு வாசல் உடைந்தது. கோட்டை போனது. கிழக்கு வாசலுக்குப் பொறுப்பாளர், உத்தரவு கிடைத்ததாக உறுதி செய்யவில்லை என்று ஷைனிக்கு நான் மெமோ கொடுத்தேன். அவள் விளக்கம் எழுதவில்லை. திமிர் என்று நினைத்தேன். சொன்னால் ஆறு பேருக்கும் தலைகுனிவு. அவர்கள் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்களாம்.

முப்பத்தொன்பது பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவன், ஒரே ஒருவன் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? படித்தவன் என்பதால் இது எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார்களா? இந்தக் கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

பொதுப் பக்கத்தில் போட்ட பதிவை அழித்தேன்.

மார்ச் 17, திங்கள்

"மிரட்டி அழிக்க வச்சிட்டா" என்று யாரோ எழுதியிருக்கிறான். என் பதிவைப் படம் பிடித்து வைத்திருந்து அதையும் ஒட்டியிருக்கிறான். என் முழுப்பெயரோடு. அழித்த பிறகு அது இன்னும் வேகமாகப் பரவுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

ஷைனியைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள்.

"சொல்லுங்க சார்."

என்ன சொல்வது? கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்றேன்.

"நல்லா எழுதியிருந்தீங்க சார். ஆறு வாட்டி படிச்சதுல தொண்டைதான் கட்டிக்கிச்சி."

"நடுவுல கொஞ்சம் விட்டுட்டுப் படிச்சிருக்கலாமே."

"எழுதனவரு எழுதனதை மாத்தாம சொல்லணும், குறைக்கக் கூடாது. யாரு வெச்ச ரூலு? உட்டுட்டுப் படிச்சா நாளைக்கு நான் எத படிச்சாலும் முனுசாமி அண்ணன் நம்புவாரா?"

நான் வைத்ததுதான். என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். இன்று நினைத்தாலும் அது நியாயமான பேச்சுதான்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க சார்? அந்த ஆறு பேரையும் தமிழ் கத்துக்கினு வான்னு மெமோ போட்டிருப்பீங்க." சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. "சார், அதெல்லாம் உடுங்க. அந்த பேஜ்ல போட்டீங்களே, அத எங்க சர்ச்சுல ஒருத்தரு எங்கம்மாகிட்ட காட்டியிருக்காரு. கீழ எழுதியிருக்கறது எல்லாத்தையும். அம்மா ரெண்டு நாளா ஃபோன் எடுக்க மாட்டேங்குது. ஹாஸ்டல்ல வார்டன் கூப்ட்டு இன்னா விஷயம்னு கேக்கறாங்க."

"அழிச்சிட்டேன்மா."

"அழிச்சா போயிடுமா? எழுதுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே. நடந்தது இன்னான்னு எழுதுங்க. அந்த ஆறு பேரு யாருன்னு மட்டும் தெரியக் கூடாது. முனுசாமி அண்ணன் பொண்ணு காலேஜ் படிக்குது, அதுவும் அந்த பேஜைப் பாக்குது."

"மகுடம்?" கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

"வேணும்னா எடுத்துக்கோங்க சார். எனக்கு இப்ப அதுவா பிரச்சனை?"

மார்ச் 20, வியாழன்

இரண்டு நாளாக எழுத உட்காருகிறேன். 'சில தவறான புரிதல்கள் ஏற்பட்டன' என்று தொடங்குகிறது. மேலாளர் அனுப்பும் சுற்றறிக்கை மாதிரியே இருக்கிறது. கிழித்தேன். வேறு எப்படித் தொடங்கினாலும் மூன்றாவது வரியில் என் பக்க நியாயம் வந்துவிடுகிறது.

மகுடம் வேண்டாம் என்று ராபினிடம் சொல்லிவிட்டேன். "சரி அண்ணே" என்றான். ஒரு பேச்சுக்குக்கூட வற்புறுத்தவில்லை.

மார்ச் 22, சனி

ஜோதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். பிறகு, "தெனம் ராவுல ஒக்காந்து எழுதறீங்களே, அதுல இன்னா இருக்குது?" என்றாள்.

இதுதான் இருக்கிறது என்றேன்.

"அப்ப அதையே போட வேண்டியதுதான. புதுசா இன்னாத்துக்கு யோசிச்சிக்கினு?"

மார்ச் 23, ஞாயிறு

காலையிலிருந்து இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்தேன். முனுசாமி என்பது அவர் பெயர் அல்ல, மாற்றிவிட்டேன். அவர் ஓட்டுவதும் ஃபோர்க்லிஃப்ட் அல்ல. ஷைனியின் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் எழுதி என்ன பயன்?

கடிதத்தின் அந்த முதல் வரியை வெட்டிவிடலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியைப் பற்றிய வரியையும், மேலாளரைப் பற்றியதையும், ஷைனியிடம் மகுடம் கேட்டதையும். அவள் ஒன்றையும் விடாமல் படித்தாள். நானும் ஒன்றையும் வெட்டவில்லை, அப்படியே இருக்கட்டும்.

பொதுப் பக்கத்தில் பெயர் காட்டாமல் போட ஒரு வசதி இருக்கிறது. ஜோதி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அவளைத் திட்டி எழுதனதுல பேரு, பட்டம் எல்லாம் போட்டீங்களே."

என் பெயர் போட்டால் முனுசாமி யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். அதற்காகத்தான் என்றேன். அவள் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள்.

மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டேன். என் பெயர் எங்கும் இல்லை. இப்படியே போடுகிறேன்.