மணிமுத்தாற்றுக்கு வர வேண்டியவன்

ஆடி 2, வெள்ளி

காற்று. பேட்டை முழுக்க வெள்ளைத் தூசி. தலையில், டீயில், எங்கும்.

கோயில் நடை சாத்திக் கிடந்த வருஷம் அது. செராமிக் பேட்டையில் எல்லாச் சூளையும் ஆறிப்போய், பஸ் ஸ்டாண்டில் ஆடு படுத்திருந்த வருஷம். அந்த வருஷம்தான் மகன் செல்வம் குவாத்தமாலாவில் செத்தான். அங்கே ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளை மேஸ்திரி. கொரோனா. உடலை அனுப்ப விமானம் இல்லை. அங்கேயே வைத்துவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் அவன் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

மருமகள் மலர் மருந்துக்கடையிலிருந்து வந்ததும் சேதி சொன்னாள். செல்வம் குடியிருந்த வீட்டுக்காரம்மா, மார்த்தா, அனுப்பியது. அந்த ஊரில் குழி வெட்டுவதில்லை. சுவரில் அறை அறையாகக் கட்டி, உள்ளே வைத்துப் பூசிவிடுவார்கள். வாடகைக்கு. தவணை தையோடு முடிகிறது. யாரும் எடுக்காவிட்டால் பொதுக்குழி.

"நாம ரெண்டு பேரும் போயி கூட்டிட்டு வந்துருவோம் மாமா."

சரி என்றேன். பிறகு சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு.

ஆடி 3, சனி

மலர் சொன்ன வழி: சென்னை, துருக்கி, பனாமா, குவாத்தமாலா. அமெரிக்கா வழி வேண்டாம், அதற்கு வேறு விசா. இறங்கியதும் பஸ். பழைய ஸ்கூல் பஸ்ஸுக்குக் கண்டபடி பெயிண்ட் அடித்து ஓட்டுகிறார்களாம். மலையேறி மார்த்தா வீடு. நடுவில் ஏரி, ஒரு நாள்.

"ஏரி எதுக்கும்மா?"

"போட்டோ அனுப்புனாரே மாமா, பின்னாடி நெருப்பு மலையோட. அடுத்த தடவ நீயும் வான்னாரு."

இருக்கட்டும் என்றேன்.

அங்கே மக்காச்சோள ரொட்டிதான் சோறாம். இங்கே பக்கத்து மங்களூர் கிராமத்தில் அதைக் கோழித் தீவனத்துக்கு லாரி ஏற்றுகிறார்கள்.

ஸ்வெட்டர் இரண்டு. சர்க்கரை மாத்திரை. எனக்கு ஷூ. மலருக்கும்.

ஆடி 6, செவ்வாய்

மலரின் அண்ணன் வேப்பூரிலிருந்து வந்தான். பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். உட்காரவில்லை.

"செத்தவன கூட்டியார ஏரோப்ளேனு. உசுரோட இருக்கறவ கதிய யாரு பாக்கறது? ஊர்ல இன்னா கேக்கறான் தெரியுமா மாமா? மாமனாரும் மருமவளும் டூரு போறாங்களாமேங்கறான்."

"டீ ஆறுதுண்ணா" என்றாள் மலர்.

"அவன எடுத்துகிட்டு வந்தப்புறமாச்சும் வேற கல்யாணத்துக்கு ஒத்துக்குவியா?"

"மொதல்ல டீயக் குடி."

குடித்தான். போனான். அவன் கேட்டதில் தப்பில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. மோட்டார் ரிப்பேர். தண்ணீர் குழாயடியில்.

ஆடி 9, வெள்ளி

ஜாடி வார்த்தேன். எப்போதும் எனக்கு அகல் விளக்கு வேலைதான். இன்று பெரிய அச்சை எடுத்துக் கழுவி, களிமண் கரைத்த மண்பால் ஊற்றினேன். மூடியோடு. பக்கத்து மேசை கோவிந்தன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாண்ணே, ஊறுகா யாவாரமா? எனக்கு எலுமிச்ச போடு."

"செல்வத்துக்கு."

அவன் எழுந்து வந்து அச்சைப் பார்த்தான். காய்ந்ததும் மூடி விளிம்பில் நீலத்தில் ஒரு கோடு இழுத்துத் தருவதாகச் சொன்னான். சாயங்காலம் தூறல். பூமிக்குள் போகவில்லை.

ஆடி 14, புதன்

சூளையிலிருந்து ஜாடி வந்தது. வெள்ளை. கீறல் இல்லை. கோவிந்தன் கோடு நேராக இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து மலரிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"மாமா. மார்த்தாம்மா நேத்து வீடியோவுல பொட்டி காட்னாங்க. அங்க எடுத்து வெக்கற பொட்டி."

"ம்."

"இம்மாம் நீளம்." இடுப்பிலிருந்து முட்டி வரை தன் தொடைமேல் கை வைத்துக் காட்டினாள். "அவர எரிக்கல மாமா. எலும்பெல்லாம் முழுசா இருக்கும்."

தெரியும். சுவரில் வைத்துப் பூசியது தெரியும், வீடியோவும் பார்த்தேன். ஆனால் இங்கே தர்ப்பையில் உருவம் கட்டி அவனை எரித்தது நான். கொள்ளி வைத்த கை இது. சாம்பலைக் கலயத்தில் அள்ளி மணிமுத்தாற்றில் விட்டேன். அந்த ஆற்றில் எலும்பைப் போட்டால் அது கல்லாகி, செத்தவன் கரையேறுவான் என்பார்கள். அன்றைக்குப் போட எலும்பில்லை. கை அந்தக் கலயத்தைத்தான் நினைத்து அளவெடுத்திருக்கிறது.

மலர் அழுதாள். நான் ஜாடியைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

ஆடி 15, வியாழன்

தையல்காரரிடம் நீளமாக ஒரு பை சொன்னோம், வெள்ளைத் துணி. "கிரிக்கெட் மட்டைக்கா?" என்றார். ஆமாம் என்றாள் மலர். ஜாடியில் புளி போட்டுவிட்டாள். நல்லது.

ஆடி 16, வெள்ளி

வெயில். பாலக்கரை டிராவல்ஸ். மலருக்கு அரை நாள் லீவு. விசாவுக்கு டில்லி தூதரகத்திலிருந்து போனில் கேள்வி கேட்பார்களாம், அதற்கு ஒத்திகை. டிராவல்ஸ்காரர் நல்ல மனிதர், மோர் வாங்கிக் கொடுத்தார்.

"இவங்க திரும்பி வந்துருவாங்கன்னு அவங்க நம்பணும். நம்பலன்னா விசா கெடைக்காது. தைக்குள்ள இன்னொரு தடவ போடவும் முடியாது. வூட்டுல யாரு இருக்காங்கன்னு கேட்டா டக்குனு சொல்லணும், இன்னா? நீ சொல்லும்மா."

"அண்ணன். வேப்பூர்ல."

"ஆங். பெரியவரே, ஒங்களுக்கு?"

அப்பா, கம்மாபுரத்தில் சுரங்கத்துக்கு நிலம் போன வருஷம். அம்மா, அதே வருஷம் தை. பெரியண்ணன், மஞ்சள் காமாலை. தங்கை அஞ்சலை, பிரசவத்தில், பிள்ளையும் தங்கவில்லை. சின்னண்ணன், லாரி. பெண்சாதி சரோஜா. மகன் செல்வம். வரிசையாகச் சொன்னேன். யாரும் விட்டுப்போகவில்லை.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னை.

"செத்தவங்கள வுடுங்க பெரியவரே. உசுரோட. நீங்க யாருக்காவ திரும்பி வருவீங்க, அந்தப் பேரு ஒண்ணு சொல்லுங்க, போதும்."

"மலர்விழி" என்றேன்.