எந்தக் கிளை எந்த வாளிக்கு

ஜூன் 10, செவ்வாய்
காலையிலிருந்து மழை. நாற்றுப் பண்ணையில் வெளிவேலை இல்லை. கண்ணாடிக் கூடத்துக்குள் சட்டி கழுவல், முழு நாளும்.

வியாழன் தேர்வு. மூன்றாம் தடவை, இதிலும் தவறினால் இனி எடுக்க விடமாட்டார்கள். தேறினால் தோட்டக்காரி என்று சான்றிதழ், வருடம் முழுக்க வேலை. இல்லாவிட்டால் வழமைபோல டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பி மார்ச்சில் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாக இதே கூத்து.

தேர்வில் கிளையைப் பார்த்து அதனதன் வாளியில் போட வேண்டும்:
1. பாசி – வேர் இல்லை
2. பன்னம் (ஃபெர்ன்) – விதை இல்லை, இலைக்கு அடியில் தூள்
3. ஊசியிலை – விதை உண்டு, மூடப் பழம் இல்லை
4. பூக்கும், ஒருவித்திலை
5. பூக்கும், இருவித்திலை

ஐந்துதானே என்பவர்கள் வந்து படித்துப் பார்க்கட்டும். கிங்கோ மரத்துக்கு அகன்ற இலை. ஊசியே இல்லை. ஆனாலும் 3. இதை எவன் பிரித்தானோ, கையில் கிடைத்தால் தெரியும்.

ஜூன் 11, புதன்
வெயில். இவருக்கு சூக் நகர ரெஸ்டோரண்ட் வேலையில் லீவு. பின்னேரம் என் பாடக் கொப்பியை வைத்துக் கேள்வி கேட்டார். வாழை எதில்? 4 என்றேன். ஏன் மரத்தில் இல்லை என்றார். மரம் என்று ஒரு வாளியே இல்லை என்று விளங்கப்படுத்தவே கால் மணித்தியாலம்.

"வாழை மரமோ புல்லோ எண்டு ஊரில ஆரும் கேட்டவையோ? வெட்டினம், கலியாண வீட்டு வாசலில கட்டினம்."

சிரிப்பு வேறு. கொப்பியைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போய்ப் படித்தேன். பால் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்
புழுக்கம். தேர்வு.

முதல் பாதி நல்லாகப் போனது. கிங்கோ வந்தது, சரியாகப் போட்டேன். பிறகு பஞ்சு மாதிரி மெல்லிய பச்சைக் கிளை ஒன்று. யோசிக்கவே இல்லை, பன்ன வாளிக்குள். சனிக்கிழமைகளில் நம் ஆட்களுக்குக் கலியாண மாலை கட்டுகிறேன். ரோசாவுக்கு நடுவே வைப்பது இதைத்தான். பெட்டி பெட்டியாகத் தொட்டிருக்கிறேன்.

சோதகர் திருப்பிக் காட்டச் சொன்னார். அடியில் தூள் இல்லை. சாப்பிடும் ஸ்பார்கலின், அதுதான் அஸ்பாரகஸ் தண்டின், சொந்தமாம். பூக்குமாம். 4. எங்களிடம் வெட்டித்தானே வரும், பூத்ததை எப்போது கண்டேன் என்றேன். திருப்பிப் பார்ப்பதுதான் தேர்வு என்றார் அமைதியாக. அந்த மனிசன் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்தப் பதற்றத்தில் அடுத்த மூன்றும் பிழை.

ஜூன் 20, வெள்ளி
கடிதம். தேற 4 புள்ளி வேண்டும். எனக்கு 3.9.

"அழாதையும்," என்றார் இவர்.

"அழேல்லை. கோவம்."

நாளைக் கலியாணத்துக்கு மாலை கட்ட வரமாட்டேன் என்று போன் பண்ணினேன். மணமகளின் தாய்க்குக் குரல் உடைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்ப எடுத்து, வாறன் என்றேன்.

ஜூன் 23, திங்கள்
மப்பு வானம். முதுகு வலி.

இந்த வாரம் இன்னொரு குழுவுக்குத் தேர்வு. இந்த முறை கிளைகள் எங்கள் பண்ணையிலிருந்து போகின்றன. செஃப், எங்கள் பண்ணை மேலாளர், என்னிடம் வந்து, வெட்டி, பிரித்து, பட்டியல் எழுதித் தரச் சொன்னார். எது எங்கே நிற்கிறது என்று உன்னைவிட இங்கே யாருக்குத் தெரியும் என்றார். தேறாதவளிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

மத்தியானம் வரை வெட்டினேன். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போட்டேன். செஃப் சரிபார்த்தார். ஒரு பிழையும் இல்லை.

பட்டியலின் அடியில் ஒரு கோடு: வகை பிரித்தவர் கையெழுத்து, சான்றிதழ் உள்ளவர் மட்டும். செஃப் கையெழுத்துப் போட மார்க்கோவைக் கூப்பிட்டார். போன வருடம் தேறியவன். எது லார்ச் மரம் என்று இன்னும் என்னிடம்தான் கேட்பான். அவனிடம் பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.