தூவி என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்ட கோட்டைத் தலைவருக்கு

நுரையாறு வற்றாதிருக்க, மழுவூர் மதில் தளராதிருக்க. குவளைநாடு ஆளும் பெருங்கோதை தேவியாரின் திருவுளப்படி, ஓலைநாயகம் அறம்வளர்த்தான், மழுவூர்க் கோட்டைத் தலைவர் அடலேறு காவிதியாருக்கு நலம் வேண்டி எழுதுவது:

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. படைவீரர் வாயில் 'தூவி' என்றொரு சொல் புதிதாய்ப் புழங்குவதாகவும், குதிரைப்படைத் தலைவன் விறலனுக்குத் தூவி உண்டு, கோட்டைத் தலைவருக்கு இல்லை என்று அவர்கள் சிரிப்பதாகவும், அது கலகச் சொல்லென ஐயுற்று விறலனைச் சிறையிலிட்டிருப்பதாகவும், பொருள் தெரிந்ததும் அவன் தலையை வாங்கச் சித்தமாயிருப்பதாகவும் கண்டோம்.

அது கேட்டதிலிருந்து தேவியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அமர்ந்தார், எழுந்தார், சாளரத்துக்கும் வாயிலுக்குமாய் நடந்தார். வைத்த சோறு ஆறிப்போயிற்று. அக்கரையில் பகைவர் பாசறை இட்டிருக்க, இக்கரையில் தம் படைத்தலைவனைத் தாமே கொல்லப் பார்க்கிறாரே, இந்த மனிதருக்கு என்ன பிடித்தது என்று வாய்விட்டே வருந்தினார். காயம்பட்டுத் தலைநகரில் கிடந்த வேல்வீரன் மூக்கனை உடனே அழைப்பித்தார்.

அவன் சொன்னது இது. படை பின்வாங்கும்போது தலைவர்கள் தலைப்பாகையில் சூடிய கொக்கிறகை, அதாவது தூவியைக் கழற்றி மடியில் செருகிக்கொள்வது நம் வழக்கம். தலைவன் யாரென்று பகைவன் வில்லுக்குத் தெரியலாகாது. நம் படை ஆற்றுத்துறை வழியே பின்வாங்கிய அன்று தலைவர் எல்லாரும் கழற்றினர், விறலனும் கழற்றினான். பாதிப்படை நீரில் இருக்கையில் அம்பு பட்டு ஆட்கள் சரியக் கண்டவன், மடியிலிருந்த தூவியை எடுத்து மறுபடி சூடி, மீசையை நீவிக்கொண்டு, மணவீட்டுக்குப் போகிற மாப்பிள்ளையாய்க் குதிரையைக் கரையோரம் மெல்ல நடத்தினான். அம்பெல்லாம் அவன் பக்கம் திரும்பின. "அந்த எறகு ஆடுனதாலதான் தாயே, நாங்க கரை ஏறுனோம்" என்று மூக்கன் அழுதான். அன்றுமுதல் அஞ்சாமல் அழகாய் நிமிர்ந்து நடப்பவனுக்குத் தூவி உண்டு என்பது படையின் பேச்சு. வெறும் பகட்டை அவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

கோட்டைத் தலைவர் அப்போது எங்கிருந்தார் என்று தேவியார் வினவினார். "எங்களுக்கு முன்னாடியே கரை ஏறிட்டாரு தாயே" என்றான் மூக்கன்.

ஆகவே ஆணை: இவ்வோலை கண்ட கணமே விறலனின் விலங்கு தெறிக்க வேண்டும். அவனிடமிருந்து அத்தூவியைத் தாங்களே கைநீட்டி வாங்கித் தலையில் சூடி, பகைவர் கண்ணில் படும் ஆற்றோர மதில்மேல் பொழுது சாயும்வரை உலாவ வேண்டும். அச்சொல்லின் பொருளை இதற்குமேல் எழுதியுணர்த்த எம்மால் ஆகாது.

தேவியார் தம் கையாலேயே முத்திரை இட்டருளினார். இதைக் கொணரும் தூதன், தாங்கள் மதிலைவிட்டு இறங்கிய பின்னரே குதிரை ஏறுவான்.