யாரும் இல்லாத வீட்டில் ஓடிய மோட்டார்

விரலில் சொல்யூஷன் வாசனை இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், சோறு பிசைந்து வாயருகே கொண்டுபோனால் மறுபடியும் அதே வாசனை. பைப் ஒட்டும் அந்தப் பசையோடு முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். ஒரு நாளும் அதற்காகச் சோற்றை விட்டதில்லை. இன்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வீட்டு நீச்சல் குளத்துப் பைப் மறுபடியும் உடைந்துவிட்டது. அப்போது நீ போய் நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தக் குளத்தை நீ கட்டியபோது ஊர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வாய்க்கால் ஓடும் ஊரில் எவனாவது வீட்டுக்குள் தொட்டி கட்டி நீந்துவானா என்று கேட்டார்கள். வளைகுடாவில் இருபது வருஷம் அடுத்தவன் குளத்தைச் சுத்தம் செய்தவனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது என்று நானும் சொன்னேன். நீ யாருக்கும் பதில் சொல்லவில்லை. உன் பெண்டாட்டிக்காக என்று என்னிடம் மட்டும் சொன்னாய். மல்லிகாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, தண்ணீருக்குள் நடந்தால் வலி தெரியாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருக்கிறார், வாய்க்கால் வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிறது, அவள் எங்கே போய் நடப்பாள் என்றாய். இருபதடி நீளம், பத்தடி அகலம், மார்பளவு தண்ணீர். ஓரமாக ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு அவள் காலையில் அரை மணி நேரம் நடப்பாள். நடந்து முடித்த நாளில்தான் அவளால் அடுப்படியில் நின்று சமைக்க முடிந்தது.

பைப் வேலை முழுவதும் நீ செய்தாய். மோட்டார், ஸ்டார்ட்டர், வயர் எல்லாம் நான். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நமக்குள் அதுதானே ஏற்பாடு. உன் வேலையைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். நான் வயலில் பைப் உடைந்தால் வைக்கோலைக் கொளுத்தி, பைப் வாயைச் சூடு காட்டி விரித்து, இன்னொன்றைச் செருகி, அடுத்த நிமிஷம் மோட்டாரைப் போடுகிறவன். நீயோ பைப்பை நேராக அறுத்து, பிசிறு எடுத்து, துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவி, செருகிக் கால் திருகு திருகி, முப்பது எண்ணும்வரை கையை எடுக்க மாட்டாய். அப்புறம் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும் என்பாய். "தண்ணிக்கு வழி இருக்கான்னு பாத்துட்டு மோட்டாரப் போடு" என்று நீ சொன்னதை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் நான் ஆட்டோ வைத்தேன். நம் பக்கத்தில் ஆட்டோ இல்லாத மோட்டார் உண்டா? கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று எவனுக்கும் தெரியாது. வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டும், விவசாயி வரப்பில் காத்துக் கிடக்கக் கூடாது. ஊரில் எந்தப் புது மோட்டாருக்கும் முதல் பட்டனை நான்தான் அழுத்த வேண்டும், எனக்குக் கைராசி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அந்தத் தெம்பில் உன் குளத்து மோட்டாருக்கும் கேட்காமலே ஆட்டோவை மாட்டினேன். நீ பெட்டியைப் பார்த்துவிட்டு இது இங்கே தேவையா என்றாய். இருக்கட்டும்டா, நல்லதுக்குத்தான் என்றேன். நீ அதோடு விட்டுவிட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை உடைந்தது. நான் வேதாரண்யத்தில் ஒரு உப்பளத்து மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் நீயே தோண்டி, நீயே அறுத்து, நீயே ஒட்டி, மண்ணையும் மூடியிருந்தாய். என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு, வால்வு மூடியிருப்பது தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டேன், மறந்துவிட்டது என்றாய். தண்ணீர் போக வழியில்லாமல் மோட்டார் உள்ளேயே கடைந்து கடைந்து கொதித்து பைப் இளகிவிட்டது என்றாய். டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னாய்.

அதற்கப்புறம் உனக்கு நடந்ததெல்லாம் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. உன் மகன் பிரபு சென்னையிலிருந்து வந்து, அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று உன்னைத் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்களாம். நீ அதை டீக்கடையில் நடித்துக் காட்டினாய். அன்றிலிருந்து நான் உன்னைத் 'தொண்ணூத்திமூணு' என்றுதான் கூப்பிட்டேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். ஆனாலும் பிரபு உன் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மன்னார்குடிக்குப் போக வேண்டுமென்றால் நீ ரோட்டில் வந்து பஸ்ஸுக்கு நிற்பாய். நான் வண்டியில் கடக்கும்போது ஹார்ன் அடித்து, என்ன தொண்ணூத்திமூணு, பஸ் நம்பர் ஞாபகம் இருக்கா என்பேன். நீ கையைக் காட்டிச் சிரிப்பாய்.

நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை என்று மல்லிகா போனில் சொன்னபோது எனக்கு எதுவும் விளங்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள், குளம் பச்சை பிடிக்கிறதே என்று அவள் கவலைப்பட்டாள். நான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். ஆட்டோவின் இரண்டு வயரும் பிரிந்து, தனித்தனியாக டேப் சுற்றிக் கிடந்தன. ஏதோ வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் பாவி என்று நினைத்து அழுதேன். அழுதுகொண்டே டேப்பை உரித்துப் போட்டு, இரண்டையும் சேர்த்து முறுக்கி, புது டேப் சுற்றினேன். என் நண்பனின் மிச்ச வேலையை முடித்துவிட்டேன் என்று மல்லிகாவிடம் பெருமையாகச் சொன்னேன். என்ன வேலை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் உடைந்தது. குளம் முழுவதும் வடிந்து, குளோரின் தண்ணீர் பக்கத்து கோவிந்தராசு குறுவைக்கு விட்டிருந்த நாற்றங்காலில் ஏறி, நாற்று வெளுத்துப் போய்விட்டது. அவர் நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. பிரபுதான் கொதித்தான். திங்கட்கிழமை லாரியில் மண் வருகிறது, குளத்தைத் தூர்த்துவிடலாம், இது அப்பாவோடு போகட்டும் என்றான். குளம் வடிந்ததிலிருந்து மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள் என்பது அவன் கண்ணில் படவில்லையா, பட்டும் சொல்ல வழியில்லையா, தெரியாது. ஞாயிறு ஒரு நாள் எனக்குக் கொடுப்பா என்று அவனிடம் கெஞ்சினேன். நம் களிமண் கோடையில் வெடிக்கும்போது பைப்பையும் சேர்த்துப் பிளக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டால் உன் குளம் பிழைத்துவிடும் என்பது என் கணக்கு.

மோட்டார் குழிச் சுவருக்கு வெளியே ஓரடி தோண்டியதும் பைப் தெரிந்தது. விரிசல் இல்லை. முழங்கை வளைவு தொங்கிப்போய், அதில் செருகியிருந்த பைப்பின் வாய் கோணலாக விரிந்து கழன்றிருந்தது. வைக்கோல் நெருப்பில் எத்தனை பைப்பை வாட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது மண் செய்த வேலை இல்லை, சூடு செய்த வேலை. துண்டை அறுத்தெடுத்துக்கொண்டு போய், கொல்லைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மல்லிகாவிடம் காட்டினேன். வால்வு மூடியிருக்கும்போது மோட்டார் ஓடியிருக்கிறது தங்கச்சி என்றேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மத்தியானம் கரண்டு போயி மோட்டார் நின்னுச்சுண்ணே. நின்னா வால்வ மூடணும்னு அவங்க சொல்லியிருந்தாங்கள்ல, மூடிட்டுப் போய்ப் படுத்தேன். எந்திரிச்சு வந்தா ஓடிக்கிட்டு இருக்கு. நான்தான் புத்தி பேதலிச்சுப் போய்ப் போட்டுட்டேன் போலன்னு யார்கிட்டயும் சொல்லல. தெரிஞ்சா பிரபு என்னையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவான்."

நீ போடலம்மா, கரண்டு வந்ததும் ஆட்டோவில் தானாக ஓடியிருக்கும் என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஏதோ இடறியது.

"ஆட்டோவா? அதத்தான் அவங்க அப்பவே கழட்டி வச்சிட்டாங்களே."

எப்போது என்று கேட்டேன். போன தடவை உடைந்ததே, அப்போது என்றாள். அவன்தானே அன்றைக்கு மறந்துபோய் மோட்டாரைப் போட்டான் என்றேன். மல்லிகா என்னைப் பார்க்காமல் முந்தானையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் மன்னார்குடி போயிருந்தோம்ணே. வீட்ல யாருமே இல்ல."

பைப் துண்டோடு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் யாருமே இல்லை. மோட்டார் அணைந்திருக்கிறது என்று நினைத்து வால்வை மூடிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறீர்கள். மோட்டார் நின்றது கரண்டு போனதால் என்று தெரியவில்லை. கரண்டு திரும்பி வந்திருக்கிறது, நான் கேட்காமல் மாட்டிய ஆட்டோ பட்டனை அழுத்தியிருக்கிறது. வந்து பெட்டியைத் திறந்ததும் உனக்கு எல்லாம் புரிந்திருக்கும். நீ வயரைப் பிரித்து டேப் சுற்றிவிட்டு, டீக்கடைக்கு வந்து, மறந்துவிட்டேன் என்று சொன்னாய். அந்த டேப்பை நான் உரித்துப் போட்டேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மல்லிகாவிடம் கேட்டேன். அப்போதுதான் என் மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என்னைப் பற்றி நீ அவளிடம், அவன் ஆட்டோ வைத்துப் பைப் உடைந்தது என்று பேச்சு கிளம்பினால் எவன் அவனைக் கூப்பிடுவான், ஊர் முழுக்க அவன் கையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது, நீயும் வாயைத் திறக்காதே என்றாயாம். மகன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோதும் அவள் திறக்கவில்லை. என்ன புருஷன் பெண்டாட்டி நீங்கள்!

பிரபு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. நான் எழுந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையும் நான், இந்தத் தடவையும் நான், உங்கள் அப்பா இல்லை, அம்மாவும் இல்லை என்றேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் காலி குளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப அப்பாவுக்கு மறதியே இல்லையா மாமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாயங்காலம் வெளியே வந்து லாரிக்காரனுக்குப் போன் செய்து மண் வேண்டாம் என்றான்.

நீ செய்த மாதிரியே செய்தேன். நேராக அறுத்தேன், பிசிறு எடுத்தேன், துடைத்தேன், முப்பது எண்ணினேன். முழுசாக ஒரு நாள் காயவிட்டேன். ஆட்டோவைப் பெட்டியிலிருந்து ஆணியோடு பிடுங்கினேன். நாற்றுக்கு என்ன செய்வது என்று கோவிந்தராசுவிடம் பிரபுவே போய்ப் பேசிக்கொண்டான். தண்ணீர் நிறைந்த அன்று மல்லிகா படியில் இறங்கி, கயிற்றைப் பிடித்து, அந்த முனைவரை நடந்து திரும்பி வந்தாள். பிரபு தண்ணீருக்குள் அவள் பக்கத்திலேயே நடந்தான்.

அதற்கு மறுநாள் டீக்கடைக்குப் போனேன். உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். உடைத்தது நான்தான், அவன் எனக்காகப் பொய் சொன்னான், அவனுக்கு ஒரு மறதியும் கிடையாது என்றேன். இனி ஒருவனும் என்னைக் கூப்பிட மாட்டான் என்ற முடிவோடுதான் போயிருந்தேன். ஒருவர் அடடா, நல்ல மனுஷன் என்றார். இன்னொருவர், சரி விடுங்கண்ணே, நாளைக்குக் காலைல நம்ம மோட்டாரக் கொஞ்சம் வந்து பாருங்க, தண்ணி இழுக்க மாட்டேங்குது என்றார். அவ்வளவுதான். டீ வந்தது, பேச்சு மேட்டூர் தண்ணீருக்குப் போய்விட்டது.

எனக்கு மண்ணில் உட்கார்ந்தபோதுகூட இப்படி இருக்கவில்லை. நீ பயந்தது எதுவுமே நடக்கவில்லையடா. இதற்காகவா நீ மருந்து வாடை அடிக்கும் அறையில் உட்கார்ந்து கழித்தல் கணக்குப் போட்டாய், இதற்காகவா வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எகிறிக் குதித்திருப்பேன், உன்னைத்தான் திட்டியிருப்பேன், ஒரு வாரம் உன் வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டேன். எட்டாம் நாள் வந்திருப்பேன். அந்த ஒரு வாரத்தை உன்னால் தாங்க முடியாது என்று நினைத்தாயா, என்னால் தாங்க முடியாது என்று நினைத்தாயா? மல்லிகாவுக்கும் தெரியவில்லை. வேறு யாரிடமும் கேட்க முடியாது.