மார்ச் மாத ரசீது

மார்ச் 1

மூன்றாம் மாடித் தையல்காரம்மா காலையிலேயே வந்துவிட்டார். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்திருந்தார். கையில் ஓர் உறை. அதில் இந்த மாதப் பராமரிப்புத் தொகை, எண்ணிச் சரியாக. அவருடைய அண்ணன் இறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீடு அண்ணன் பெயரில். ரசீதுப் புத்தகத்தில் ‘உரிமையாளர்’ என்று அச்சடித்த வரிக்கு எதிரே பேனாவை வைத்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். யார் பெயரை எழுத?

“பேப்பரெல்லாம் உங்க பேருக்கு மாறட்டும்மா. அப்புறம் வாங்கிக்கிறேன்.”

“பணம் வாங்கறதுக்குமா பேப்பர் சார்?” என்றார். உறையோடு திரும்பிப் போனார்.

குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் என்றால் சும்மாவா? முறை என்று ஒன்று இருக்கிறது.

மார்ச் 6

இறந்தவரின் மகன் போனில். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த நான்கு வருடத்தில் இரண்டு முறை எட்டிப் பார்த்தவர். “மெயின்டனன்ஸை இனி நானே கட்டிடறேன் அங்கிள். அத்தைகிட்ட வாங்காதீங்க.” அவரிடமும் பேப்பர் கேட்டேன்.

உயில் வெள்ளைத் தாளில் எழுதியதாம், பதியவில்லையாம். தங்கைக்கு என்று எழுதியிருப்பதை மகன் ஒப்புக்கொள்ளவில்லை. கோர்ட்டுக்குப் போகிறது.

மற்ற வீடுகளில் காலில் விழாத குறையாக வசூல் செய்கிறேன். இங்கே கட்டுவதற்கு இரண்டு பேர் முட்டிமோதுகிறார்கள், வாங்கத்தான் ஆளில்லை. சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 5

பாக்கிதாரர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். தையல்காரம்மாவின் வீடு, மூணு பி-யும் அதில் உண்டு.

மனைவி தட்டை நகர்த்தி வைத்தபடி சொன்னாள்: “அவங்க குடுக்க வந்தாங்க. நீங்கதான் வாங்கல. இப்ப நாலு பேர் பாக்கப் பட்டியல்லயும் போட்டாச்சு. நல்லா இருக்கு உங்க நியாயம்.”

தட்டை என் பக்கம் இழுத்துச் சாப்பிட்டு முடித்தேன்.

ஏப்ரல் 6

பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் யாரோ நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள். யாருடைய நகம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 19

தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. கையிருப்பு போதாது. “யார் குடுத்தா என்ன, வாங்கிப் போடுங்க” என்றார் சங்கத் தலைவர். இறந்தவரின் மகனுக்குப் போன் செய்தேன். மாலைக்குள் பாக்கியையும் ஒரு வருட முன்பணத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார். ரசீது கேட்டார். எழுதினேன். முப்பது வருட ஆபீஸ் பழக்கம், கை தானாக அந்த அச்சடித்த வரிக்குப் போயிற்று. அவர் பெயர். கையெழுத்து. முத்திரை.

‘மூணு பி’ என்று மட்டும் எழுதியிருக்கலாம். ரசீதை அனுப்பிய பிறகுதான் தோன்றியது.

ஜூன் 11

தையல்காரம்மா ஒரு ஜெராக்ஸை நீட்டினார். “இது உங்க கையெழுத்துதானே சார்?”

“ஆமாம்மா.”

என் ரசீதைக் காட்டி மகன் மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றியிருக்கிறார். மின் பில்லைக் காட்டி வீட்டு வரியை. ஒரு தாள் இன்னொரு தாளைக் குட்டி போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் கோர்ட்டில் அடுக்கிவிட்டாராம். இதனால் மட்டும் வீடு அவருடையதாகிவிடாது என்றுதான் இந்தம்மாவின் வக்கீலும் சொல்கிறார். ஆனால் கேஸ் வருடக்கணக்கில் இழுக்குமாம். ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகிவிடுவது நல்லது என்கிறாராம்.

“ஊசி நூலை வெச்சுக்கிட்டு எத்தனை வருசம் கேஸ் நடத்த முடியும் சார்?”

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 12

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். போன வருடம் அவருடைய அண்ணன் கடைசியாகத் தன் கையால் பணம் கொடுத்தபோது சொன்னார்: “எனக்கப்புறம் தங்கச்சிகிட்டயே வாங்கிக்குங்க சார். வீடு அவளுக்குத்தான்.” அந்த ரசீதின் அடிக்கட்டையில் பென்சிலால் குறித்தும் வைத்தேன்: ‘வீடு தங்கைக்கு என்கிறார். தமக்குப் பின் தங்கையே கட்டுவாராம்.’ தேதியோடு.

மார்ச் ஒன்றாம் தேதி அது எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. இருந்தும் பேப்பர் கேட்டேன். ஏன்? நமக்கெதுக்கு வம்பு என்றுதான். நாளைக்குக் கோர்ட் படி ஏறச் சொல்லிவிட்டால்? — அந்தப் பயம்தான். முறையாவது மண்ணாவது.

அடிக்கட்டையைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஜூன் 13

முழங்கால் வலி. மாடி ஏறவில்லை.

ஜூன் 14

ஏறினேன். அடிக்கட்டையைக் கொடுத்தேன். “வக்கீல்கிட்ட காட்டுங்கம்மா. சாட்சி சொல்லவும் நான் வர்றேன்.”

பென்சில் எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். பிறகு பத்திரமாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

“நேத்துதான் சார் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

ஜூன் 30

கீழே வண்டி நின்றது. தையல் மெஷினை ஏற்றிய பிறகு என் வீட்டுக் கதவைத் தட்டினார். அதே உறை, ஓரம் மட்டும் கசங்கியிருந்தது.

“மார்ச் மாசத்துது. அண்ணன் என்னைத்தானே கட்டச் சொன்னாரு. பாக்கி வெச்சுட்டுப் போக மனசு வரல.”

மார்ச் எப்போதோ கட்டியாகிவிட்டது. வாங்கினால் கணக்கு உதைக்கும். உதைக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன். ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, அச்சடித்த அந்த வரியில் அவர் பெயரை எழுத ஆரம்பித்தேன். பாதிப் பெயரில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“ரசீது வேண்டாம் சார்” என்றார். “நீங்க வாங்கிக்கிட்டீங்கல்ல, அது போதும்.”