காலியாக ஓடிய வாஷிங் மிஷின்

அன்புள்ள என் தூங்குமூஞ்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, முட்டிவலி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி கிளம்புவேனா என்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதைப் போனில் ஆரம்பித்தால் பாதியில் சிரித்து மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. உன் அக்கா போன வாரம் வந்து ஒரு பகல் இருந்துவிட்டு ஓடினாள், பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். நீ இருக்கிற அந்த மாணவர் விடுதியை நினைத்தால்தான் எனக்குக் கவலை. கரண்டை மிச்சம் பிடிக்க ஜன்னலைத் திறக்கக் கூடாதாம், அசையாமல் உட்கார்ந்து படித்தால் ஆள் இல்லையென்று விளக்கு தானே அணைந்துவிடுமாம், நீ கையை ஆட்டி ஆட்டி எழுதுகிறாயாம். அப்படிப்பட்ட கட்டடத்தில் பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு ஒரு டாக்டர் பட்டம், அதற்கு என் பிள்ளை. சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன லீவில் வந்தபோது மெயின் போர்டு பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினாய். சாதாரண வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், இங்கே செலவாகிற கரண்ட் அங்கே என் கம்ப்யூட்டரில் கோடாக வரும் என்றாய். திரும்பிப் போன கொஞ்ச நாளிலேயே கூப்பிட்டு, "என்னம்மா, கோடு படுத்தே கிடக்கு, ஒழுங்கா சமைச்சு சாப்பிடுறியா இல்லையா, நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடட்டுமா" என்று கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா போனபோது நின்ற படிப்பை மறுபடி தொடங்க நீ பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவள். மறுநாளே அந்தக் கோட்டை எழுப்பி உட்கார வைத்தேன். எல்லா அறையிலும் விளக்கு, ஆளில்லாத கட்டிலுக்கு மேலே ஃபேன், அதுவும் போதாதென்று வாஷிங் மிஷின். ஒரே ஒரு துண்டைப் போட்டு ஓட்டுவேன். அதைப்போல வெளுத்த துண்டை நீ எங்கேயும் பார்த்திருக்க மாட்டாய். அந்தச் சத்தத்தில் வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி எனக்கும் ஆறுதலாக இருந்தது, அதையும் மறைப்பானேன்.

ஒரு ஆளுக்கு இவ்வளவு துணியா என்று நீ கேட்டபோது, கீழ்வீட்டு நர்ஸம்மாவின் மிஷின் ரிப்பேர், நம்முடையதில்தான் துவைக்கிறாள், துவைத்து முடிகிற வரை பிள்ளைகளோடு இங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள் என்று வாய் கூசாமல் சொன்னேன். அதோடு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ குதித்துக்கொண்டு சொன்னாயே, "நம்ம வீட்டை வச்சே ஒரு அத்தியாயம் எழுதிட்டேம்மா, ஒரு மிஷினைச் சுத்தி ரெண்டு குடும்பம் சேருது, இங்க பக்கத்து ரூம் பையன் பேரு கூட எனக்குத் தெரியலை, புரொபசருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அடுத்த மாசம் கொடுத்துடுவேன்" என்று. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது கண்ணா. நீ லீவு முடிந்து போன கையோடு நர்ஸம்மாவும் மாற்றலாகிப் போய்விட்டாள், மாடியில் நான் ஒருத்திதான். பெட்டியில் கோளாறு இல்லை, அம்மா சொன்னதுதான் பொய். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. நாளைக்கு நாலு பெரியவர்கள் முன்னால் என்னால் நீ தலைகுனியக் கூடாது. நாள் தள்ளிப் போனால் போகட்டும். திட்டுவதானால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன், ஆனால் கோபத்தில் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன். பக்கத்து அறைப் பையன் பெயரையும் கேட்டு வை, ஒரு காய்ச்சல் தலைவலி என்றால் அவன்தான் வர வேண்டும்.

இந்த வாரம் நான் எதையும் ஓட்டவில்லை. ஒரு விளக்கு, ஒரு ஃபேன், காலையில் சமைத்ததே ராத்திரிக்கும். கோடு பழையபடி படுத்திருக்கும். நீ பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிடுவாய், அப்போது எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு போனை மடியிலேயே வைத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. எழுதுகிற மும்முரத்தில் பார்த்திருக்க மாட்டாய், அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். தனியாகத்தான் இருக்கிறது, ரொம்பவே. தனியாக ஒருத்தி இருக்கிற வீட்டின் கோடு இப்படித்தான் இருக்கும், உன் படிப்புக்கு ஆகுமானால் அதை எழுதிக்கொள்.

நீ எடுத்த காரியம் ஜெயமாகும், தீர்க்காயுசாக இருப்பாய். ஒன்றை மட்டும் மறக்காதே. பெட்டியைப் பார்த்து அம்மா நன்றாக இருக்கிறாள் என்று முடிவு கட்டாதே. என்னிடம் கேள்.

உன்
அம்மா